சாய்வெயில் நேரத்துக்காக வங்கி வேலையை விட்டேன்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்றோர் இடம் இருக்கிறது. அங்கே பாறைச் சுவரில் எட்டுப் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக இருக்க, அவற்றை ஒட்டி வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள் வெட்டப்பட்டுள்ளன. உச்சி வெயிலில் போய் நின்றால் பாறை வெளுத்துக் கிடக்கும். எழுத்து இருக்கும் இடமே கண்ணுக்குப் பிடிபடாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வொரு வெட்டின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அந்த நேரம் அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். நான் வேலையில் இருந்த 17 ஆண்டுகளில், காலை 7.30 மணிக்கு இலக்கு பற்றிய தொலைபேசிக் கூட்டமும் மாலை 6.30 மணிக்கு அன்றைய நிலவரம் பற்றிய கூட்டமும் நடக்கும். பாறையைப் படிக்கக்கூடிய இரண்டு வேளைகளும் அலுவலகத்துக்குப் போயிருந்தன.

நான் ஒரு தனியார் வங்கியில் 2006இல் சேர்ந்தேன். கடைசி ஐந்து ஆண்டுகள் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஆறு கிளைகளின் கடன் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்து, 2023 செப்டம்பரில், 45ஆவது வயதில் விலகினேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் மேலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கடன் பத்திரங்களைப் படித்து விளக்கி, கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மற்ற நாள்களில் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் குகைத்தளங்களையும் எழுத்துகளையும் மையால் வரைகிறேன். இரண்டாண்டு கடந்த நிலையில், இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்று தோன்றுவதை எழுதுகிறேன்.

விலக வேண்டும் என்ற எண்ணம் எந்த நாளில் தோன்றியது என்பது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அந்த ஆண்டு சித்திரைத் திருவிழா ஏப்ரல் மாதக் கடைசியில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள், எதிர்சேவை பார்க்க மனைவியோடும் ஆறு வயது மகளோடும் தல்லாகுளத்தில் நின்றிருந்தோம். மாதக் கடைசி என்பதால் தொலைபேசி ஓயவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று ஒரு ஏடிஎம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டுவாடா ஆகாமல் நின்ற நான்கு கடன்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். வெளியே வந்தபோது அழகர் கடந்து போயிருந்தார். மகள் என்னிடம் கோபப்படவில்லை. "அப்பா, சாமி வெள்ளை வெளேர்னு பூ போட்டிருந்துச்சு" என்று எனக்கு விளக்கிச் சொன்னாள். நான் பார்க்காததை அவள் எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதாகிவிட்டதே என்ற எண்ணம் நெடுநாள் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அடுத்த மாதமே இரத்தத்தில் சர்க்கரை இருப்பதும் தெரிய வந்தது.

ஆனாலும் உடனே விலகவில்லை. விலகியிருந்தால் ஓராண்டுக்குள் வேறொரு வங்கியில் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கீழக்குயில்குடிக்குப் போகத் தொடங்கினேன். அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் பல வாரங்கள் வரைந்த பிறகே மேலே ஏறினேன். வட்டெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் என்று வெட்டப்பட்டிருப்பதை, யாருடைய துணையும் இல்லாமல் நானே எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்த காலையில், மாதம் முழுவதும் ஓடியாடிச் சேர்த்த எந்த இலக்கும் தராத நிறைவு கிடைத்தது.

என் மாமனாருக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. "மாப்ள, டாக்டர் வெங்கடசாமி 58 வயசுல ரிட்டயர் ஆன பெறகுதானே 11 கட்டிலோட அரவிந்த் ஆசுபத்திரியை ஆரம்பிச்சாரு? நீங்களும் சர்வீசை முடிச்சிட்டு என்ன வேணாலும் செய்யுங்க" என்றார். 1976இல் நடந்த அந்தத் தொடக்கம் மதுரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. அவருக்கு மறுப்புச் சொல்லாமல், நான் அதை நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். அந்த மருத்துவர் ஓய்வுக்குப் பிறகு புதிதாக எதையும் கற்றுத் தொடங்கவில்லை. அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே கண்புரை அறுவைச் சிகிச்சையிலும் ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துவதிலும் பல்லாண்டு பழகியிருந்தார். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர் என்பதை மட்டும் பலர் சொல்வார்கள். ஆனால் 1966இல் அவர் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்-பிராமியில் உள்ள கல்வெட்டுகளின் தொகுப்பை அறிஞர்கள் முன் வைத்தபோதும், சிந்துவெளி எழுத்துகளின் தொடரடைவு 1977இல் வெளிவந்தபோதும் பணியில்தான் இருந்தார். வேலையில் இருக்கும்போது வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி ஒன்றைச் செய்ய முடியாதவருக்கு, விலகிய பிறகு வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கிடைத்தாலும் அது கைகூடுவது கடினம் என்பதே நான் அந்த இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டது.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விலகுவதற்கு முன் ஓராண்டு முழுவதும் வீட்டுச் செலவை அன்றன்றைக்கு எழுதி வைத்தோம். மாதச் செலவு 35,000 ரூபாய் இருக்கும் என்று இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆண்டுக் கணக்கைப் பன்னிரண்டால் வகுத்தபோது 48,000 வந்தது. பள்ளிக் கட்டணம், வண்டிக் காப்பீடு, தீபாவளி, பொங்கல் ஆகியவை ஓரளவு எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது, விசேஷ வீடுகளுக்குச் செய்யும் செய்முறை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், புதுமனை புகுவிழா, கருமாதி என்று மொய்யும் சீருமாக அந்த ஓராண்டில் 84,000 ரூபாய் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் இதைச் செலவு என்று நினைத்து நிறுத்திவிட முடியாது. நம் வீட்டு விசேஷத்துக்கு வந்த மொய் நம் நோட்டில் எழுதப்பட்டுக் கிடக்கிறது, அதைத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். ஆகவே பழைய மொய் நோட்டை எடுத்து, இன்னும் யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது என்று பார்த்து, அதற்கென்று தனியாக ஒரு வைப்புத்தொகை போட்டோம். மேலாளர் என்ற முறையில் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்ச் செய்த மொய், பதவி போனதும் தானாகவே குறைந்துவிட்டது. மதுரைப் பக்கத்தில் வேலையை விட நினைப்பவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆவணம் மொய் நோட்டு என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு பொதுவாக வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். சர்க்கரை நோய் உள்ள ஒருவர் அதற்குப் பிறகு சொந்தமாகக் காப்பீடு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய் தொடர்பான சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. நான் 2019இல் எடுத்தபோது அது நான்கு ஆண்டுகள். 2024 ஏப்ரலிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி மாறியிருக்கிறது. வேலையில் இருக்கும்போதே இரண்டு பிரீமியம் கட்டுவது வீண் என்று அலுவலக நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் காத்திருப்புக் காலம் முழுவதும் குழுக் காப்பீட்டின் நிழலில் கழிந்து, நான் விலகிய நாளில் சொந்தக் காப்பீடு முழுமையாகக் கைக்கு வந்திருந்தது.

வங்கிப் பணியாளர்கள் மறந்துவிடும் இன்னொன்று, சலுகை வட்டியில் வாங்கிய வீட்டுக் கடன். பணியை விட்டதும் சலுகை போய் வழக்கமான வட்டி வந்துவிடும். வேறு வங்கிக்கு மாற்றலாம் என்றால் மாதச் சம்பளம் இல்லாதவருக்கு எளிதில் கிடைக்காது. எனக்கு 9 லட்சம் ரூபாய் மீதி இருந்தது. சேமிப்பிலிருந்து அதை அடைத்துவிட்டுத்தான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். ஆண்டு ஊக்கத்தொகை ஜூன் மாதம் கணக்கில் ஏறிய பிறகே கடிதம் கொடுத்தேன். பல நிறுவனங்களில் பட்டுவாடா நாளன்று பணியில் இல்லாதவருக்கு அது கிடைக்காது. நான் விலகியபோது பணிக்கொடைக்குக் கணக்கு எளிதாக இருந்தது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை மாதம் 60,000 என்றால் 17 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5,88,000 ரூபாய் வரும். வருங்கால வைப்பு நிதியை நான் எடுக்கவில்லை. 2023-24க்கு அது 8.25 சதவீத வட்டி தந்தது. விலகிய பிறகு சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்ய முடிந்ததற்குக் காரணம், என் மனைவி பள்ளி ஆசிரியராக இருப்பதும், தந்தை விட்டுப்போன மனையில் எங்களுக்குச் சொந்த வீடு இருப்பதும்தான். இவை இல்லாத ஒருவரிடம் துணிந்து இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவருக்கு என் கணக்கு பொருந்தாது.

பணத்தில் நான் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது. தவறியது நேரத்தில்தான். விலகிய முதல் நூறு நாள்களை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் நான் வரைய உட்கார்ந்தது 19 நாள்கள். மீதி நாள்கள் எங்கே போயின என்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. சித்தப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மச்சினர் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகம் போக வேண்டும். பக்கத்து வீட்டில் ஆள் இல்லாதபோது கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டும். ஊர்ப் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் கூடவே கார் ஓட்டிப் போக வேண்டும். "சும்மாதானே இருக்காப்ல, அவரைக் கூப்பிடு" என்ற ஒரு சொல் எங்கள் உறவு முழுவதும் பரவியிருந்தது. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வங்கியில் இருந்தபோது எந்த விசேஷத்துக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் தங்காதவன் இப்போது கைக்குக் கிடைத்திருக்கிறான் என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். சித்தப்பாவோடு கழித்த நாள்களை நானும் இழப்பாக நினைக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு உழைத்துக் கற்ற எழுத்துகள் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தன.

வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கிக் கதவைச் சாத்திப் பார்த்தேன். அது உறவில் வருத்தத்தை உண்டாக்கியதே தவிர வேறு பலன் தரவில்லை. உள்ளே இருக்கும் ஆளைக் கூப்பிடாமல் இருப்பது நம் வீடுகளில் வழக்கம் இல்லை. வழி காட்டியவர் என் மனைவி. அவர் பள்ளிக்குக் கிளம்பும்போது தமக்குக் கட்டுவதுபோலவே எனக்கும் மதிய உணவைக் கட்டிக் கொடுத்து, "நீங்களும் கெளம்புங்க" என்றார். புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் அப்போதுதான், 2023 ஜூலையில், திறக்கப்பட்டிருந்தது. குன்றுக்குப் போகாத நாள்களில் தூக்குவாளியும் பையுமாக அங்கே போய், முதல் நாள் வரைந்ததைச் செம்மைப்படுத்தவும் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டவும் செய்தேன். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காலையில் தெருவில் இறங்கிப் போகும் மனிதனை ஊர் வேலைக்குப் போகிறவனாகப் பார்க்கிறது. இரண்டே மாதத்தில் "சாயங்காலம் வந்ததும் சொல்லுங்க" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மாலையில் செய்யக்கூடிய எந்த உதவியையும் நான் இன்றுவரை மறுத்ததில்லை.

மேலூர் வேலை ஒரு நண்பர் மூலமாக அமைந்தது. முதல் மாதத்தில் வந்தவர்களில் ஒரு பெண்மணியை மறக்க முடியாது. இரண்டு கறவை மாடுகளுக்காக ஒரு நிதி நிறுவனத்தில் ஒரு லட்சம் ரூபாய் வாங்கியிருந்தார். மாதம் 9,333 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணை. "ஒத்த ரூவா வட்டின்னு சொல்லித்தானப்பா குடுத்தாக" என்றார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று யாரும் எண்ணுவார்கள். ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு மாதமும் அசலில் 8,333 கழிவதையும், ஆனால் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் சேர்த்து 1,000 ரூபாயாகவே நிற்பதையும் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி மாதத்துக்கு வந்தபோது அவர் கையில் மீதி இருக்கும் அசல் 8,333 ரூபாய்தான். அதற்கும் வட்டி 1,000. அந்த இடத்தில் அவர் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். "அப்ப இந்த ஒரு மாசத்துக்கு நூத்துக்குப் பன்னெண்டா?" என்று அவராகவே கேட்டார். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அந்தக் கடனின் வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். அடுத்த செவ்வாய்க்கிழமை தம் குழுவிலிருந்து நான்கு பேரை, அவரவர் பத்திரத்தோடு அழைத்து வந்தார்.

அன்று வீடு திரும்பும்போது மனம் கனத்திருந்தது. வங்கியில் நான் கொடுத்த கடன்கள் குறையும் அசலுக்கு வட்டி கட்டும் கடன்கள்தான். யாரிடமும் பொய் சொன்னதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கிய அத்தனை ஆண்டுகளில் ஒருவரைக்கூட உட்காரவைத்து இப்படித் தாளில் எழுதிக் காட்டியதில்லை. அதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரம் எங்கள் வேலையில் இல்லை. 2024 அக்டோபரிலிருந்து தனிநபர்களுக்குத் தரும் கடன்களுக்கு ஆண்டு வட்டி விகிதமும் எல்லாக் கட்டணங்களும் அடங்கிய விவரத் தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. வருகிறவர்களிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள் என்று முதலில் சொல்கிறேன். வங்கிப் பயிர்க்கடன் வைத்திருப்பவர்களிடம் கடைசித் தேதியைப் பார்க்கிறேன். 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனை உரிய நாளுக்குள் கட்டினால் வட்டி 7 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறையும், சில நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும்.

இந்த வேலையிலும் நான் ஒரு தவறு செய்தேன். முதலில் கூலி வேண்டாம் என்றேன். வரையறை இல்லாமல் போய்விட்டது. ஆறே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கடன் கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன். எத்தனை பேருக்கு உதவினேன் என்று மாத வாரியாக ஓர் இலக்குப் பட்டியலைக்கூட நானே போட்டு வைத்திருந்தேன். என்னை விரட்ட அங்கே மேலதிகாரி யாரும் இல்லை. 17 ஆண்டுப் பழக்கம் என்னோடு கூடவே வந்திருந்தது. நல்ல காரியமாயிற்றே என்ற எண்ணம் அதை மறைத்துவிடுகிறது. பயனுள்ள வேலையில் இருப்பவர்கள் உடைந்து போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்று பலகை எழுதி மாட்டினேன். கணக்கு எழுதும் வேலைக்கு அங்குள்ள விவசாயிகள் நிறுவனத்திடம் மாதம் 12,000 ரூபாய் பெற்றுக்கொள்கிறேன். தனி ஆள்களுக்குப் பத்திரம் படித்துச் சொல்வது இலவசம். வருபவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. நேரம் தெரிந்ததும் அதற்கேற்ப வருகிறார்கள்.

இப்போது வரைந்துகொண்டிருப்பது கிடாரிப்பட்டிக்கு அருகே அழகர் மலைக் குகைத்தளத்தின் தமிழ்-பிராமி எழுத்துகளை. பாதுகாக்கப்பட்ட இடங்களில் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல், எழுத்தின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுக்கக் கூடாது. பாறையைத் தொடாமல் பார்த்து வரைவதுதான் நான் செய்வது. அங்கே துறவிகளின் படுக்கைகளுக்காகக் கொடை கொடுத்தவர்களாக உப்பு வணிகர், அறுவை (துணி) வணிகர், கொழு (ஏர்க் கொழு) வணிகர், மதுரைப் பொன் கொல்லர் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மதுரைக் கடைத்தெரு, வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தே வாழ்ந்த என் கண்ணுக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. ஒரு வரியை வரைந்து முடிக்க ஏழெட்டுக் காலைகள் ஆகின்றன.

என் பழைய கிளையில் இருந்த ஒரு தம்பி சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்து, "அண்ணே, நானும் பேப்பர் போட்டுரலாம்னு இருக்கேன்" என்றார். அவரிடம் ராஜினாமா செய்யச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மொய் நோட்டையும் ஓராண்டுச் செலவுக் கணக்கையும் எழுதச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கீழக்குயில்குடிக்கு வரச் சொன்னேன். எட்டு மாதங்களாக வருகிறார். இன்னும் வங்கியில்தான் வேலை பார்க்கிறார். தொலைபேசியை அணைத்து வண்டியின் பெட்டிக்குள் பூட்டிவிட்டு மேலே ஏறுகிறார். போன வாரம் வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தபோது, குணமதியார் என்ற பெயரில் நடுவில் இருக்கும் மகரத்தின் மேல், பாறையில் படாமல் விரலை நீட்டி, "இது ம தானண்ணே?" என்று கேட்டார்.